பூனைக்காலி போன தூரம்

அழகர்மலை அடிவாரத்திலும் சிறுமலைச் சரிவுகளிலும் மழை ஓய்ந்து தை பிறக்கும் நேரத்தில் வேலிப்புதர்களின் மேல் ஒரு கொடி காய்த்துத் தொங்கும். பூ கருத்த ஊதா. காய் லேசாக நெளிந்திருக்கும். காயைப் போர்த்தியிருக்கும் பொன்பழுப்புச் சுணைதான் அதன் காவல். ஆடு மேய்க்கிறவர்கள் அந்தப் பக்கம் கை வீச மாட்டார்கள். காற்றடிக்கும்போது அதன் அடியில் நிற்கவும் மாட்டார்கள். சுணை பட்டால் தோல் எரியும், சொறியச் சொறியத் தடிக்கும்.

பூனைக்காலி என்ற அந்தக் கொடியின் விதை சித்த வைத்தியத்தில் பழைய சரக்கு. பாலில் வேகவைத்துச் சுத்தி செய்து, தோல் நீக்கி, பொடித்து, லேகியத்தில் சேர்ப்பார்கள். மதுரை நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் பொடியாகவும் விதையாகவும் கிடைக்கிறது. பெரும்பாலும் உடல் பலத்துக்கும் ஆண்மைக்கும் என்றுதான் வாங்கிப் போகிறார்கள். தெற்கே அகத்தியமலைக் காணிக்காரர்களுக்கு இது உணவாகவும் இருந்திருக்கிறது. பல தண்ணீர் மாற்றி வேகவைத்து, ஒவ்வொரு முறையும் வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தின்பார்கள். வடித்துக் கொட்டிய அந்தத் தண்ணீரோடு போன பொருளைத்தான் உலகத்தின் நரம்பியல் மருத்துவம் பல பத்தாண்டுகளாகத் துரத்திக்கொண்டிருக்கிறது.

அந்தப் பொருளின் பெயர் எல்-டோபா. மருந்துச் சீட்டில் லெவோடோபா என்று வரும். விதையின் எடையில் 3 முதல் 7 சதவீதம் வரை அதுதான் இருக்கிறது. பார்க்கின்சன் நோய்க்கு இன்றுவரை இதைவிடச் சிறந்த மாத்திரை வரவில்லை. சும்மா இருக்கும்போதே கை நடுங்குவது, உடம்பு விறைப்பது, எடுத்து வைக்க வேண்டிய காலடி தரையோடு ஒட்டிக்கொள்வது, எழுத்து பொடிப்பொடியாகச் சுருங்குவது, முகம் உணர்ச்சி காட்டாமல் போவது என்று மெதுவாக மனிதரைக் கட்டிப்போடும் நோய் அது. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் அதை விவரித்து எழுதினார். நம் வைத்தியர்கள் நடுக்குவாதம் என்றார்கள். 2019இல் உலகம் முழுக்க 85 லட்சம் பேருக்கு மேல் இந்த நோயோடு வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

எல்-டோபா முதலில் வெளிப்பட்டது பூனைக்காலியிலிருந்து அல்ல. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ரோஷ் மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த மார்க்கஸ் குகன்ஹைம் 1913இல் ஐரோப்பிய அவரை வகை ஒன்றின் பச்சைக் காயிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். தன் உடம்பிலேயே சோதித்துப் பார்க்க இரண்டரை கிராம் விழுங்கினார். குமட்டி வாந்தி எடுத்தார். பொருள் அலமாரிக்குப் போயிற்று.

24 ஆண்டுகள் கழித்து, 1937இல், அது சென்னையில் மீண்டும் தோன்றியது. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார்கள். இங்கிலாந்தின் ‘பயோகெமிக்கல் ஜர்னல்’ இதழில் நாலு பக்கக் கட்டுரையாக அது வெளிவந்தது. இந்த நோயைப் பற்றிய எந்தப் பெரிய வரலாற்று நூலிலும் அந்த இருவருக்கும் ஒரு பத்திக்கு மேல் இடம் கிடைத்து நான் பார்த்ததில்லை. அன்று அந்தப் பொருளுக்கும் நடுக்கத்துக்கும் உறவு உண்டு என்று உலகில் ஒருவருக்கும் தெரியாது. மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் செய்தி கடத்துகிறது என்பதே தெரியாத காலம். ஒரு விதைக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். உடனடிப் பயன் எதுவும் கண்ணுக்குத் தெரியாத ஆராய்ச்சிக்கு ஒரு பல்கலைக்கழகம் இடமும் சம்பளமும் கொடுத்ததால்தான், பிற்பாடு தேவை வந்தபோது விடை தயாராக அச்சில் இருந்தது.

தேவை வந்ததும் இன்னொரு இந்தியச் செடியின் வழியாகத்தான். சர்ப்பகந்தி வேர் ரத்த அழுத்தத்தையும் மனக்கொதிப்பையும் தணிக்கும் என்று கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் போஸும் 1931இல் எழுதினார்கள். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949இல் அதை மேல்நாட்டு இதழில் நிறுவினார். 1952இல் சுவிஸ் வேதியியலாளர்கள் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தார்கள். அது உலகம் முழுக்கப் பரவியபோது ஒரு தொல்லையும் சேர்ந்து வந்தது. சாப்பிட்டவர்களில் சிலர் உடம்பு விறைத்து, பார்க்கின்சன் நோயாளிகளைப் போலவே ஆனார்கள். சுவீடனில் அர்வித் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். காது தொங்கி, அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோபா ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் அவை எழுந்து நடமாடின. 1957இல் வெளிவந்த அந்தச் சோதனையின் தொடர்ச்சிக்காக 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு செடியின் வேர் முடக்கியதை இன்னொரு செடியின் விதையில் உறங்கிய பொருள் விடுவித்தது. இரண்டுமே நம் நாட்டுச் சரக்குக் கடைகளில் இருப்பவை. கார்ல்சன் பயன்படுத்தியது ஆய்வுக்கூடத்தில் செய்த டோபாதான் என்றாலும், பொருள் அதேதான்.

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. வியன்னாவில் ஒலே ஹார்னிகீவிச் இறந்த நோயாளிகளின் மூளையை ஆராய்ந்து, டோபமைன் வற்றிப்போயிருப்பதை 1960இல் காட்டினார். டோபமைனையே மருந்தாகக் கொடுத்தால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. எல்-டோபா நுழையும், உள்ளே போய் டோபமைனாக மாறும். 1961இல் மருத்துவர் பிர்க்மாயரும் அவரும் அதை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். படுத்தவர்கள் எழுந்தார்கள், ஆனால் சில மணி நேரத்துக்கு மட்டும். நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் கோட்சியாஸ் என்ற கிரேக்க மருத்துவர் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கிராம் கணக்குக்கு உயர்த்தினார். 1967இல் வந்த அவர் கட்டுரைதான் வாழ்க்கை முழுக்கச் சாப்பிடக்கூடிய மருந்தாக இதை நிலைநிறுத்தியது. 1970இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

இந்த இடத்தில் விதை பாதையிலிருந்து விலக்கப்பட்டது. மான்சான்டோ நிறுவனத்தில் வில்லியம் நோல்ஸ், வலக்கை வடிவம், இடக்கை வடிவம் என இரண்டாக வரும் மூலக்கூறில் வேண்டிய ஒன்றை மட்டும் உண்டாக்கும் வினையூக்கியைக் கண்டுபிடித்தார். அதைக் கொண்டு ஆலைகள் எல்-டோபாவை டன் கணக்கில் செய்தன. 2001இல் அவருக்கும் நோபல் கிடைத்தது. மூளையை எட்டும் முன்பே மருந்து உடம்பில் வீணாவதைத் தடுக்கும் கார்பிடோபாவைச் சேர்த்து மாத்திரையாக்கினார்கள். மதுரையில் இந்த நோய் உள்ள வீடுகளில் ‘சின்டோபா’ என்ற பெயர் தெரியாத ஆளே இருக்க மாட்டார். காலை ஆறு மணிக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்று கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பார்கள். சில ஆண்டுகள் அது வரம். பிறகு மாத்திரையின் வேலை பாதியில் தீர ஆரம்பிக்கும். அளவைக் கூட்டினால் கை, கால், கழுத்து தானாக நெளியும். நோயைவிட அந்த நெளிவைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர்கள் அதிகம் கலங்குகிறார்கள்.

அந்த நெளிவுதான் மருத்துவர்களை விதையின் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது. பம்பாயில் அசோக் வைத்யா குழு 1978இல் 23 நோயாளிகளுக்குப் பூனைக்காலிப் பொடி கொடுத்துப் பார்த்து எழுதியது. அமெரிக்காவில் பணியாற்றிய இந்திய நரம்பியலாளர் பாலா மான்யம் இந்த விதைக்காகவே பல ஆண்டுகள் உழைத்தார். விதையிலிருந்து தயாரித்த எச்.பி.-200 என்ற பொடியை 60 பேருக்கு 12 வாரம் கொடுத்த ஆய்வு 1995இல் வந்தது. 2000இல் கேரளத்தில், ஆயுர்வேத முறைப்படி பசும்பாலில் காய்ச்சிய பூனைக்காலிக் கலவையில் எல்-டோபா எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, நோயாளிகள் தேறியதற்கும் அதற்கும் உள்ள தொடர்பை விளக்கினார்கள். 2004இல் லண்டனில் ரீட்டா லைலா வெஸ்டன் என்பவரின் பெயரைத் தாங்கும் நிறுவனத்தில் ஆண்ட்ரூ லீஸ் குழு 8 பேரிடம் மாத்திரையையும் பொடியையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தது. 30 கிராம் பொடி சாப்பிட்டவர்களுக்குச் சுமார் 35 நிமிடத்தில் வேலை செய்தது. மாத்திரைக்கு 69 நிமிடம் ஆயிற்று. பலனும் கூடுதல் நேரம் நின்றது, நெளிவு கூடவில்லை.

எட்டுப் பேர்! இவ்வளவு நல்ல செய்தி கிடைத்தால் அடுத்து எண்ணூறு பேரிடம் சோதித்திருக்க வேண்டும். நடக்கவில்லை. காரணம் எளியது. வேலியில் காய்க்கும் விதைக்குக் காப்புரிமை வாங்க முடியாது. பெரிய மருத்துவச் சோதனைக்குக் கோடிக்கணக்கில் செலவாகும். செலவழித்து நிரூபித்தாலும் அடுத்த நாளே எந்தக் கடைக்காரரும் அதே விதையை விற்கலாம். பங்குதாரருக்குப் பதில் சொல்ல வேண்டிய நிறுவனம் அந்தப் பணத்தைப் போடாது. அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. லாபமில்லாத கேள்விகளுக்கு அரசும் தர்மப் பணமும்தான் கதி.

பூனைக்காலிக்கு அந்தத் தர்மப் பணம் இத்தாலியிலிருந்து வந்தது. மிலான் நகரில் பார்க்கின்சன் நோய்க்காகவே இயங்கும் கிரிஜியோனி அறக்கட்டளையின் துணையோடு ஜான்னி பெஸோலி, ரொபெர்தோ சிலியா ஆகிய மருத்துவர்கள், மாத்திரை வாங்க வழியில்லாத நாடுகளின் நோயாளிகளுக்கு இந்த விதை உதவுமா என்று தேடினார்கள். பொலிவியாவில் 18 நோயாளிகளுக்கு வறுத்துப் பொடித்த விதையைக் கொடுத்து, எது மாத்திரை எது பொடி என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி சோதித்தார்கள். 2017இல் முடிவு வெளிவந்தது. குறைந்த அளவுப் பொடி மாத்திரைக்கு நிகராக இயக்கத்தைத் திருப்பித் தந்தது. நெளிவு குறைவாக இருந்தது.

அடுத்த ஆண்டு வந்த செய்தி அவ்வளவு இனிப்பாக இல்லை. அதே குழு 14 பேருக்குத் தினமும் பொடி கொடுத்து 16 வாரத் திட்டமாகப் பார்த்தபோது பாதிப் பேர், அதாவது 7 பேர், நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். சிலருக்கு வயிற்றுக் கோளாறு, சிலருக்கு உடல் இயக்கம் மோசமானது. ஒரு வேளைக்கு நல்லதாகத் தெரிவது ஒவ்வொரு நாளுக்கும் நல்லதாக இருப்பதில்லை. இந்த முடிவை மறைக்காமல் அச்சில் ஏற்றியதற்காகவே அந்த அறக்கட்டளையின் மேல் எனக்கு மரியாதை கூடியது. பூனைக்காலியைப் பற்றி இணையத்திலும் வாட்ஸ்ஆப்பிலும் சுற்றும் தமிழ்ச் செய்திகளில் முதல் முடிவு மட்டும் இருக்கும், இரண்டாவது இருக்காது. அதைப் படித்துவிட்டு, மாத்திரையோடு பொடியையும் கலந்து சாப்பிடுகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். இரண்டிலும் இருப்பது ஒரே மருந்து என்பது அவர்களுக்குத் தெரியாது. அளவு மீறினால் ரத்த அழுத்தம் சரியும், மனம் குழம்பும், இல்லாத உருவங்கள் தெரியும். அமெரிக்காவில் விற்கும் 16 பூனைக்காலித் தயாரிப்புகளை ஆய்வு செய்து 2022இல் வெளியிட்டார்கள். ஒரு வேளை அளவில் இருந்த லெவோடோபா 2 மில்லிகிராமிலிருந்து 241 மில்லிகிராம் வரை மாறுபட்டது. டப்பாவை நம்பி அளவு வைக்கிறவர் இருட்டில் கை விடுகிறார். நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் யாரும் இந்தப் பொடியைத் தொடக் கூடாது. மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

இந்த நோய்க்கான தர்மப் பணத்தில் பெரிய ஊற்று அமெரிக்காவில் இருக்கிறது. நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 1991இல், 29 வயதில், நோய் தெரிந்தது. 1998இல் வெளியே சொன்னார். 2000இல் அறக்கட்டளை தொடங்கினார். அது இதுவரை ஆராய்ச்சிக்குக் கொடுத்தது 200 கோடி டாலருக்கு மேல். கூகுளைத் தொடங்கியவர்களில் ஒருவரான செர்கெய் பிரினின் தாயாருக்கு இந்த நோய் இருந்தது. நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் மரபணு மாற்றம் தனக்கும் இருப்பதை அவர் 2008இல் எழுதினார். அவருடைய கொடையில் நடக்கும் உலக மரபணுத் திட்டம் ஒன்று, இதுவரை கணக்கில் வராத நாடுகளின் நோயாளிகளைச் சேர்ப்பதோடு, அந்த நாடுகளின் இளம் ஆய்வாளர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறது. பார்க்கின்சன் மரபணுக்களைப் பற்றித் தெரிந்தவற்றில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சத்தவரின் ரத்தத்திலிருந்து தெரிந்தவை. நம்மவர்களைப் பற்றி அறிய, 10,000 இந்திய நோயாளிகளையும் நோயில்லாத 10,000 பேரையும் ஒப்பிடும் பணி ஃபாக்ஸ் அறக்கட்டளையின் பணத்தில் தொடங்கியிருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் உட்பட இந்திய மையங்களும் ஜெர்மனி, லக்சம்பர்க் ஆய்வாளர்களும் அதில் சேர்ந்திருக்கிறார்கள்.

நல்லது. ஆனால் இந்தியர்களின் நோயை இந்தியர்களிடம் தேட அமெரிக்க நடிகரின் அறக்கட்டளை காசு கொடுக்க வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் எனக்கு உண்டு. கொடுக்கும் கை நம் பக்கத்தில் இல்லாமல் இல்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் வழியெல்லாம் மண்டகப்படி. வெயில் தொடங்கினால் தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தல். ஆராய்ச்சிக்குக் கொடுத்த முன்னோடிகளும் இந்தச் சமவெளியில் இருக்கிறார்கள். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அந்த வறண்ட மண்ணுக்கு வந்தது. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று நிறுவனம் திறந்தது. நோயுற்ற உடம்போடு இருந்தபடியேதான் அழகப்பர் இவ்வளவும் கொடுத்தார். அவர் கொடுத்த காலத்தில் 15 லட்சம் என்பது எவ்வளவு பெரிய தொகை என்று தாத்தா பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

மதுரைக்குள்ளேயே இன்னொரு சான்று இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி, முடக்குவாதத்தில் கோணிய விரல்களோடு, அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இலவச அறுவைக்கு வேண்டிய கண்ணுள் வில்லை வெளிநாட்டு விலையில் கட்டுப்படியாகவில்லை என்றதும், கொடையாளர்களின் துணையோடு 1992இல் ஆரோலேப் தொடங்கி மதுரையிலேயே செய்தார்கள். 2008இல் அவர் பெயரில் கண் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் அங்கே முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார்கள். கண்ணுக்கு நடந்தது மூளைக்கு நடக்காமல் போக எந்தக் காரணமும் இல்லை. அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் துறை இருக்கிறது, நோயாளிகள் இருக்கிறார்கள். காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் துறைகள் இருக்கின்றன. விதை வேலியிலேயே இருக்கிறது.

இல்லாதது என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தேசியத் தகுதித் தேர்வில் வென்ற இளம் ஆய்வாளருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அடுத்த மூன்று ஆண்டுகள் மாதம் 42,000 ரூபாய் என்று 2023 முதல் அரசு உதவித்தொகை தருகிறது. வீட்டு வாடகைப் படியைச் சேர்க்காமல் ஐந்தாண்டுக்குக் கூட்டினால் சரியாக 24 லட்சம். அந்தத் தேர்வில் ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் தவறிய பிள்ளைகள் அதே ஆய்வை வீட்டுக் காசிலும் பகுதிநேரப் பாடம் எடுத்தும் செய்கிறார்கள், அல்லது பாதியில் விட்டுவிட்டு மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியாகப் போகிறார்கள். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது சோம்பலோ திறமைக் குறைவோ அல்ல. மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும். நகரத்தில் ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் இரண்டு நாளில் செலவாகும் தொகைக்கு ஒரு விஞ்ஞானியை ஐந்தாண்டு வேலை செய்ய வைக்கலாம். நோய் கண்ட தாய் தந்தையரின் பெயரில் அப்படி ஒரு கட்டளை எழுதிவைக்கக்கூடிய குடும்பங்கள் இந்த ஊரில் நிச்சயம் இருக்கின்றன.

அந்த மாணவிக்கோ மாணவருக்கோ வேலை காத்திருக்கிறது. அழகர்மலைக் கொடியின் விதையில் எல்-டோபா எவ்வளவு, சிறுமலைக் கொடியில் எவ்வளவு, சுணையில்லாத பயிர் ரகத்தில் எவ்வளவு; பாலில் வேகவைத்துச் சுத்தி செய்தால் எவ்வளவு மிஞ்சுகிறது, வறுத்தால் எவ்வளவு; எல்-டோபா தவிர நெளிவைக் குறைக்கும் வேறு ஏதாவது அந்த விதையில் இருக்கிறதா. இவற்றில் கடைசிக் கேள்விக்கு ஐந்தாண்டு போதாது. முதல் கேள்விகளுக்கு, கலவையில் உள்ள பொருளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி ஒன்றும் ஓராண்டும் போதும். அதிலும் முதலில் செய்ய வேண்டியது மதுரை, திண்டுக்கல், தேனி நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் பொடிகளை வாங்கி, கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் லெவோடோபா என்று அளந்து, அந்தப் பட்டியலை ராஜாஜி மருத்துவமனை நரம்பியல் புறநோயாளிப் பிரிவின் மேஜையில் வைப்பது. அடுத்த முறை ஒரு நோயாளி, ‘டாக்டர், நான் பூனைக்காலிப் பொடியும் சாப்பிடுறேன்’ என்று சொல்லும்போது, மாத்திரையை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று மருத்துவர் அந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்லலாம்.